வேஷ உடையா, துணிமணியா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் குழந்தைகளின் ஹாலோவீன் பண்டிகை வேஷ உடைகளுக்குச் சுங்கக் குறியீடு போடுவது என் வேலை. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதிரியைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்புங்கள்.

போன வாரம் வந்த இளவரசி கவுனில் கழுத்தோரம் மடித்துத் தைக்கவில்லை, நூல் பிரிந்து தொங்கியது, முதுகில் ஒரே ஒரு வெல்க்ரோ. சரி, குறியீடு 9505: பண்டிகைப் பொருள், அடிப்படை வரி கிடையாது. அதே கவுன் ஜிப், லைனிங், ஓரம் அடித்த தையல் என்று கெட்டியாக வந்திருந்தால் அது துணிமணி. பின்னல் துணிக்குச் சுங்கவரி அட்டவணையின் 61ஆம் அத்தியாயம், நெய்ததற்கு 62. செயற்கை இழை கவுனுக்கு 16 சதவீதம். ரூபீஸ் என்ற வேஷ உடை நிறுவனம் அமெரிக்க அரசுக்கு எதிராக நடத்திய வழக்கின் 2003 மேல்முறையீட்டுத் தீர்ப்பு, நிலைக்காத மெலிந்த உடைகளைப் பண்டிகைப் பொருளாக ஏற்றது.

ஜிப் மட்டும் இருக்கிறதா? மொத்தத் தையலையும் சேர்த்து எடைபோடுங்கள். அப்புறமும் சந்தேகம் என்றால், சரக்கு கப்பலேறும் முன்பே சுங்கத்துறையிடம் எழுத்துப்பூர்வமாக முடிவு கேட்டு வாங்குங்கள்.