குடியேறும் புறநகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய ஊருக்குக் குடிபெயரும்போது வீட்டைத் தேடுவதற்கு முன் பகுதியைத் தேட வேண்டும். ஏனெனில் வீட்டின் குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம், சுற்றுப்புறத்தை நம்மால் மாற்ற இயலாது.

முதலில் பயண நேரத்தைக் கணக்கிடுங்கள். வரைபடம் காட்டும் தூரத்தை நம்பாமல், வேலைநாளில் காலை 8 மணிக்கு அந்தப் பகுதியிலிருந்து நீங்களே ஒருமுறை அலுவலகம் வரை சென்று பாருங்கள். ஒரு வழிக்கு 45 நிமிடம் என்றால், மாதத்தில் 22 வேலைநாட்களுக்கு 33 மணி நேரம் சாலையிலேயே கழியும். வாடகை சற்றுக் கூடுதலானாலும் அந்த நேரத்தை மீட்டுக்கொள்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பகலில் பார்த்த தெருவை இரவு 9 மணிக்கு மீண்டும் நடந்து பாருங்கள். விளக்குகள் எரிகின்றனவா, பெண்களும் முதியவர்களும் தயக்கமின்றி நடமாடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் நல்லது: மதில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு படிந்திருந்தால், அங்கே வெள்ளம் நின்றிருக்கக்கூடும். நெடுநாள் குடியிருப்பவரிடம் அதைப் பற்றியும் குடிநீர் வரும் நேரத்தைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.

பள்ளி, மருத்துவமனை, கைப்பேசி அலைவரிசை ஆகியவற்றையும் நேரில் சரிபாருங்கள். குழந்தைகள் இருந்தால், முகவரியைப் பார்த்துச் சேர்க்கை தரும் பள்ளிகளின் எல்லையை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால், வீடு வாங்காமல் 6 மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.