மாதச் சம்பளக் குடும்பத்தின் கடன் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவரிடம் "மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் "மாதம் இருபத்திரண்டாயிரம் போகிறது" என்பதுதான். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. மாதம் எவ்வளவு போகிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அசல் எவ்வளவு பாக்கி, எந்தக் கடனுக்கு எத்தனை சதவீதம் வட்டி, எந்த மாதம் முடியும் என்று கேட்டால் அலைபேசியைத் தேட வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை மற்ற தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தவணை கட்ட முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறவர், அடுத்த கடனையும் அதே கேள்வியை வைத்துத்தான் வாங்குவார்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுவது. எல்லாம் என்றால் எல்லாம்தான்: பர்சனல் லோன், பைக் தவணை, அடகில் இருக்கும் நகை, கிரெடிட் கார்டு பாக்கி, எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற சீட்டு, மச்சானிடம் வாங்கிய கைமாற்று. இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுத வேண்டும். கணவருக்குத் தெரியாமல் வைத்த நகை, மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய ஆப் கடன் என்று ஆளுக்கு ஒன்றை மறைத்து வைத்திருக்கிற வீட்டில் எந்த பட்ஜெட்டும் இரண்டு மாதம் தாண்டாது. சொன்னால் சண்டை வரும்தான். வரட்டும். ஆறு மாதம் கழித்து வசூலுக்கு ஆள் வாசலில் வந்து நிற்கும்போது வரும் சண்டையைவிட அது சின்னது.

எழுதும்போதே எல்லா வட்டியையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் வட்டி பல பாஷை பேசும். "இரண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். "மூன்று வட்டி" 36. தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டும். (தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மிரட்டல் வந்தால் பயந்து இன்னொரு இடத்தில் கடன் வாங்கி அடைக்காமல், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.)

கடைகளிலும் வாகனக் கடனிலும் சொல்லும் "ஃபிளாட் வட்டி"யும் இதே ரகம்தான். ஒரு லட்சம், 12 சதவீத ஃபிளாட், இரண்டு ஆண்டு என்றால் வட்டி 24,000; தவணை 5,167 ரூபாய். பாதி அசலை அடைத்த பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் அசலுக்கு ஏற்ற வட்டியாகப் பார்த்தால் அது 12 அல்ல, ஏறத்தாழ 21.5 சதவீதம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் கொடுக்கும்போது முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை"யை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்டில் 50,000 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,500 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 435 ரூபாய்! போதாக்குறைக்கு, பாக்கி வைத்திருக்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது. அந்த மாதம் புதிதாக வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதே கார்டைத் தேய்த்துக்கொண்டே அதன் கடனை அடைக்க முடியாது. அடைத்து முடிக்கும்வரை கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள், அலைபேசியில் சேமித்து வைத்த இடங்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

சரி, தாளில் எழுதியாயிற்று. எதை முதலில் அடைப்பது? இங்கேதான் நல்ல விவரமானவர்களும் சறுக்குகிறார்கள். யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவருக்கு முதலில் கொடுக்கிறோம். சித்தப்பா விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார் என்று வட்டியில்லாத கைமாற்றை ஒரே மூச்சில் அடைத்துவிட்டு, சத்தமே போடாத கார்டுக்கு (மாதம் 3.5 என்றால்) ஆண்டுக்கு 42 சதவீதம் கட்டுகிறோம். எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிவிட்டு, மீதி எவ்வளவு தேறுகிறதோ அதை முழுக்க அதிக வட்டிக் கடன் ஒன்றின் மேலேயே போட வேண்டும். சித்தப்பாவிடம் நேரில் போய், மாதம் இரண்டாயிரம் வீதம் தருகிறேன் என்று தேதி சொல்லிவிட்டு, சொன்ன தேதியில் கொடுத்துவிட்டால் உறவும் கெடாது. இந்த வரிசைக்கு விலக்கு ஒன்று உண்டு. ஏலத் தேதி நெருங்கிய நகை இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நகையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நகைக்கடனைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கார்டில் 50,000 பாக்கி இருக்கும்போது, ஆண்டுக்கு 10 சதவீதத்தில் நகையை வைத்து அதை அடைத்தால், மாதம் 2,065 போன இடத்தில் நானூற்றுச் சொச்சம்தான் வட்டி. பீரோவில் சும்மா இருக்கும் வளையலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. தவறு அதற்கு அப்புறம் நடக்கிறது. காலியான கார்டை மறுபடி தேய்ப்பார்கள். இப்போது இரண்டு கடன். அல்லது வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பார்கள். தங்கத்தின் விலை ஏறியிருந்தால் அதே நகைக்குக் கூடுதலாக இருபதாயிரம் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்வார்கள். இப்படியே ஐந்தாறு வருடம் அடகிலேயே கிடக்கும் தாலிச்சங்கிலிகள் எத்தனையோ. முழுப் பணத்தையும் கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும் என்று வங்கி சொன்னால், அந்த ஒரு நாளுக்கு வெளியே வட்டிக்கு வாங்குவதும் நடக்கிறது. நகையை வைத்த மாதத்திலிருந்தே அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன்களிலும் இடையில் அசலைக் கட்ட முடியுமா என்று வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் முடியும்.

சேமிப்புப் பக்கத்தில் நேரெதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டே 7 சதவீத ஆர்.டி.யில் (வங்கியின் மாதாந்திரச் சேமிப்பில்) மாதம் ஐயாயிரம் போடுவது. சேமிக்கிறோம் என்ற திருப்தி கிடைக்கும், பணம் கரையும். இன்னொன்று, இருக்கிற கடைசி ரூபாய் வரை கடனில் போட்டுவிட்டுக் கையில் எதுவும் இல்லாமல் நிற்பது. அடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்றால் மறுபடி கார்டுதான். ஒரு மாத வீட்டுச் செலவு அளவுக்காவது பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, அப்புறம் கடனில் இறங்குங்கள். கடன் முடிந்த பிறகு அதை ஆறு மாதச் செலவு அளவுக்கு வளர்க்கலாம்.

பட்ஜெட் போடுகிறவர்கள் வாடகை, மளிகை, பால், கேபிள், பெட்ரோல் என்று எழுதிப் பார்த்து, "கணக்குப்படி ஏழாயிரம் மிஞ்ச வேண்டும், மிஞ்சவில்லையே" என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம், மாதாமாதம் வராத செலவுகள் அந்தத் தாளில் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் 50,000, தீபாவளிக்கு 20,000, மொய்க்கும் சீருக்கும் வருடத்துக்கு 18,000, பைக் காப்பீடும் வீட்டு வரியும் 8,000 என்று வைத்தால் மொத்தம் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. மிஞ்ச வேண்டிய ஏழாயிரம் எங்கே போனது என்பதற்கு இதுதான் பதில். தீபாவளி எந்த மாதம் வரும் என்பது நாள்காட்டியிலேயே இருக்கிறது. அதைத் திடீர்ச் செலவு என்று சொல்வது நியாயமில்லை. ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகை வரிசையாக வரும் என்பதும் நமக்குத் தெரியும். மொய் நோட்டைப் புரட்டினால், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும். அந்த 8,000-ஐச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால், ஜூன் மாதம் நகைக்கடைப் பக்கமோ அடகுக்கடைப் பக்கமோ போக வேண்டியிருக்காது.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தைச் சுத்தமாக வழித்தெடுப்பது இன்னொன்று. ஐந்து ஆண்டு தொடர் சேவைக்கு முன்னால் எடுத்தால் வரி விழும். அதைவிடப் பெரிய இழப்பு, ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவது. மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஏழாவது ஆண்டில் எல்லாவற்றையும் எடுத்தவர் புது வேலையில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவர் கட்டாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான். அதைக் கட்ட வழியில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கட்ட முடியாத கடனைப் "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று கேட்டு வருகிறவர்களிடமும் கவனம் வேண்டும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாக வராது, சமரசத்தில் முடித்ததாகத்தான் வரும். பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

வீட்டுக்கடனில் நடக்கும் தவறு, வாங்கியதும் மறந்துவிடுவது. 30 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலுக்குப் போவது 4,785 மட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாக, போனஸ் வரும்போது கட்டினால்கூட மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வட்டி ஏறும்போது வங்கி சத்தமில்லாமல் தவணைக் காலத்தை நீட்டியிருக்கலாம். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பது 2023-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. வருடம் ஒருமுறை கணக்கு அறிக்கையை வாங்கி, முடியும் மாதம் எது என்று பாருங்கள்.

அந்தக் கடைசித் தவணையையும் கட்டிய பிறகு, பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. பத்திரத்தை வங்கியில் வைத்தபோது அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அது தெரியும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, அடைத்த கடன் அடைக்காததுபோல் நிற்கும். மூலப் பத்திரங்களைக் கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கேட்டு வாங்குங்கள்.