ஹொரிக்கான் சதுப்பு நிலத்துக்குப் புறப்படும் முன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியிலோ மேடிசனிலோ புதிதாகக் குடியேறியிருக்கிறீர்களா? காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹொரிக்கான் சதுப்பு நிலம் வந்துவிடும். சுமார் 33,000 ஏக்கர். பார்த்த இடமெல்லாம் சம்பங்கோரை. அக்டோபர் மாலைகளில் கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் குரல் எழுப்பிக்கொண்டு இறங்கும். பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

அதே அக்டோபரில் துப்பாக்கிச் சத்தமும் கேட்கும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு நெஞ்சு பதறும். போலீசை அழைக்கத் தோன்றும். அழைக்க வேண்டாம். விஸ்கான்சினில் வேட்டை 2003 முதல் மாநில அரசமைப்பிலேயே எழுதப்பட்ட உரிமை. உரிமத்தோடு வேட்டையாடுபவரை வேண்டுமென்றே தடுத்தால் குற்றம் நம்முடையது.

சதுப்பு நிலத்தின் வடக்குப் பகுதி அமெரிக்கக் கூட்டரசின் காப்பகம். தெற்குப் பகுதி மாநில இயற்கை வளத் துறையின் கையில். இரண்டிலும் விதிகள் வேறு. நிற்கும் இடம் எது என்று அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

நவம்பரில் இன்னும் கவனம் தேவை. நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் மான் வேட்டை தொடங்குகிறது. வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடுத்த வேண்டும் என்பது சட்டம். நடக்க மட்டும் போகிறவர்களும் குழந்தைகளோடு அதையே உடுத்துங்கள். பழுப்பும் வெள்ளையும் வேண்டாம். அவை மானின் நிறங்கள்.

பலர் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. கீழே கிடக்கும் இறகைப் பிள்ளைகள் எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, உதிர்ந்த இறகை வைத்திருப்பதும் குற்றமே. படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தூண்டில் போட ஆசை என்றால், 16 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும்.

எச்-1பி, மாணவர் விசாக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைப் போன்றோர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். அலுவலக நண்பர் அன்போடு “ஒருமுறை சுட்டுப் பாருங்கள்” என்று நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள்.

வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் 25 டாலர் கொடுத்து, தபால்தலை போன்ற கூட்டரசின் வாத்து முத்திரை வாங்க வேண்டும். 1934இல் தொடங்கிய இந்த முத்திரையின் பணத்தில் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கவே போகிறது. வேட்டையாடாதவர்களும் வாங்கலாம். நான் இரண்டு ஆண்டுகளாக வாங்குகிறேன். என் பிள்ளைகள் அதை ஒட்டி வைக்கத் தனி நோட்டு வைத்திருக்கிறார்கள்.