மாத்திரையிலிருந்து ஏயூசி வரை: பார்மகோகைனடிக்ஸ் கணக்கைக் கையால போட்டுப் பழகுங்க

பி.பார்ம், பார்ம்.டி முடிச்சுட்டு கோயம்புத்தூர், ஈரோடு, குமாரபாளையம் பக்கமிருந்து மருந்து ஆய்வு வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்காக இதை எழுதறேங்க. மென்பொருளைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு ஆளோட கணக்கையாவது கையால போடுங்க. மருந்து ரத்தத்துல எப்படி ஏறி எப்படி இறங்குதுன்னு (அதைப் படிக்கறதுதான் பார்மகோகைனடிக்ஸ்) அப்பத்தான் பிடிபடும்.

பழகறதுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. மாத்திரை போட்டு 0, 1, 2, 4, 8, 12, 24 மணியில ரத்தம் எடுத்தாச்சு. ரத்தத்துல இருந்த மருந்தோட அளவு, மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம்ல: 0, 6, 10, 8, 4, 2, 0.25.

முதல்ல நேரத்தைச் சரிபாருங்க. என்னைக் கேட்டா மொத்த வேலையிலயும் இதுதான் முக்கியம். ஆய்வுத் திட்டத்துல 24 மணின்னு இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடிச்சு வந்த தன்னார்வலருக்கு 40 நிமிஷம் தள்ளி ரத்தம் எடுத்திருப்பாங்க. அப்போ போட வேண்டியது 24 இல்லீங்க, 24.40-ம் இல்லீங்க. நிமிஷத்தை 60-ஆல வகுத்து 24.67. நம்ம கணக்குல எல்லாம் சரியான நேரத்துல எடுத்ததா வச்சுக்குவோம்.

அடுத்து சிமேக்ஸ் (ரத்தத்துல மருந்தோட உச்ச அளவு), டிமேக்ஸ் (அந்த உச்சம் வந்த நேரம்). அட்டவணையைப் பார்த்தாலே தெரியும்: உச்சம் 10, அது வந்தது 2-வது மணியில.

அரை ஆயுளுக்கு, அதாவது ரத்தத்துல மருந்து பாதியாகற நேரத்துக்கு, கடைசியா இறங்கற வால்பகுதியைப் பாருங்க. 8, 4, 2-ன்னு 4 மணிக்கொரு தடவை பாதியாகுது. 12-லிருந்து 24-க்குள்ள மூணு தடவை பாதியாகி 0.25. ஆக அரை ஆயுள் 4 மணி. 0.693-ஐ (இது 2-ஓட இயற்கை லாக்) 4-ஆல வகுத்தா வெளியேற்ற வீதம் 0.173. நிஜத் தரவு இவ்வளவு ஒழுங்கா இருக்காது. அப்போ ரத்தத்துல இருந்த அளவுக்கு இயற்கை லாக் எடுத்து, கடைசி மூணு புள்ளிக்குக் குறையாம நேர்கோடு போடுங்க; அந்தக் கோடு இறங்கற சரிவுதான் வெளியேற்ற வீதம். உச்சப் புள்ளியை அதுல சேர்க்காதீங்க.

இப்போ ஏயூசி, அதாவது கோட்டுக்குக் கீழ இருக்கற பரப்பு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு அளவோட சராசரியை நேர இடைவெளியால பெருக்குங்க: 3, 8, 18, 24, 12, 13.5. கூட்டினா 78.5.

ஆனா மருந்து வளைஞ்சு இறங்குது. ரெண்டு புள்ளியைச் சேர்க்கற நேர்கோடு அதுக்கு மேல போய் பரப்பைக் கூட்டிக் காட்டும். 12–24 மணித் துண்டையே பாருங்க. 2-லிருந்து 0.25-ஐக் கழிச்சு 0.173-ஆல வகுத்தா சுமார் 10.1தான் வருது, நேர்கோட்டுல 13.5. அதனால ஏறும்போது நேர்கோடு, இறங்கும்போது லாக் முறை வச்சுக்குங்க: ரெண்டு அளவோட வித்தியாசத்தை அந்தத் துண்டோட சொந்த வீதத்தால (இயற்கை லாக் வித்தியாசத்தை நேர இடைவெளியால வகுத்தா வர்றது) வகுக்கணும். அப்படிப் போட்டா மொத்தம் சுமார் 73.7.

கடைசி மாதிரிக்கு அப்புறம் மிச்சமிருக்கறதுக்கு 0.25-ஐ 0.173-ஆல வகுங்க: 1.44. முழு ஏயூசி 75.1 ஆச்சு. மிச்சப்பகுதி 2 சதவீதம்தான், நல்லது. அது 20 சதவீதத்தைத் தாண்டினா மாதிரி எடுக்கறதைச் சீக்கிரமே நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம்.

ஜெனரிக் மருந்தை மூல மருந்தோட ஒப்பிடறப்போ ரெண்டும் சமமான்னு இந்த ஏயூசியும் சிமேக்ஸும்தான் தீர்மானிக்கும். ரெண்டோட விகிதத்துக்கும் 90% நம்பக இடைவெளி, பொதுவா 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் உள்ள அடங்கணும்.

கை பழகினதும் ஆர் (R) புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்குங்க, இலவசம்தான். அதுக்குள்ளயே தியோஃபிலின் மருந்து கொடுத்த 12 பேரோட தரவு இருக்கு. முதல் ஆளுக்கு உச்சம் 10.5, நேரம் 1.12 மணின்னு வருதான்னு பாருங்க. அவருக்கு 0 மணியிலயே 0.74 இருக்கும், அதைச் சுழியமா மாத்தாம அப்படியே விட்டுக் கணக்குப் போடுங்க.