‘ஆயில் மட்டும்தானா?’: பழைய ஆயிலைக் கொடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கலிஃபோர்னியா பே ஏரியாவில் எங்கள் பக்கத்து ஊர்களில் பழைய இன்ஜின் ஆயில், பெயின்ட், பூச்சி மருந்து, பேட்டரி போன்றவற்றை வீட்டுக்காரர்களிடம் காசு கேட்காமல் வாங்கிக்கொள்ளும் நாட்கள் உண்டு. அப்படி ஒரு சனிக்கிழமை, வாசலில் நின்று கார்களை வரிசைக்குள் அனுப்பும் தன்னார்வ வேலை எனக்கு. வந்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். புதிதாக வீடு வாங்கி, கராஜ் கிடைத்த சந்தோஷத்தில் வீடியோ பார்த்து ஆயில் மாற்றக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். மூன்றாவது கார் டிக்கியைத் திறந்ததும், என் பழைய தப்பு வேறு வேஷத்தில் ஒரு கேனில் உட்கார்ந்திருந்தது.

ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வரிசைக்கே வந்திருக்க மாட்டார். நல்ல எண்ணத்தோடு கிளம்பி, வழியில் கெடுப்பதைப் பற்றித்தான் பேச்சு.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வடிப்பது

2011-ல் என்னிடம் ஒரு பழைய கரோலா இருந்தது. ஒரே வார இறுதியில் ஆயிலையும் மாற்றினேன், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டையும் மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே தட்டு. இன்னொன்று வாங்கப் பத்து டாலர்கூட ஆகியிருக்காது. வடித்ததை ஒரே கேனில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் ஒரு உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கவுன்டரில் இருந்த பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: ‘ஆயில் மட்டும்தானா?’

‘மட்டும்தான்’ என்றேன். பின்கட்டில் இருந்த டேங்கில் அவன் கண் முன்னாலேயே கவிழ்த்தேன். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். அதனால் மேலே பார்த்தால் கன்னங்கரேல் என்று ஆயில்தான். கேன் காலியாகும் கடைசி நேரத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. டிகாக்‌ஷனில் பால் விட்டதுபோல் கலங்கலாக ஒரு திரவம் விழுந்தது. பையன் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து நண்பனின் கேனைத் தூக்கிக்கொண்டு போனால், கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: டேங்க் கெட்டுவிட்டது, ஆயில் எடுப்பதில்லை. என்னால்தான் கெட்டதா, தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் ஆயில் தேய்ந்துபோவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். அழுக்கை நீக்கினால் மறுபடி ஆயில்தான். ஒரு கேலன் பழைய ஆயிலிலிருந்து இரண்டரை குவார்ட் (நாலு குவார்ட் ஒரு கேலன்) புது ஆயில் எடுக்கலாம். அதே அளவைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க 42 கேலன் வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நாம் கேனில் கொண்டுபோவது குப்பையே அல்ல, சரக்கு. அதில் வேறு எதையாவது கலந்த நிமிடம்தான் அது குப்பையாகிறது. கூலன்ட் கலந்ததைப் பிரித்தெடுக்கத் தனிச் செலவு.

கூலன்டாவது பரவாயில்லை. குளோரின் உள்ள எதுவும் கலந்துவிட்டால் கதையே வேறு. ஆயிலில் ஹாலஜன் (குளோரினும் அதன் இனத் தனிமங்களும்) 1000 பிபிஎம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, தாண்டினால் அதில் அபாயக் கழிவு கலந்திருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டேங்க் வைத்திருப்பவர் பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 கேலன் டேங்குக்கு ஒரு குவார்ட் போதும். எத்தனையோ பேர் ஒழுங்காகக் கொண்டுவந்து ஊற்றிய ஆயிலை, ஒருவர் வீட்டுப் பழைய பிரேக் க்ளீனர் காலி செய்துவிடும். குளோரின் கரைப்பான் உள்ள பிரேக் க்ளீனரை இந்த மாநிலத்தில் விற்கக்கூடாதுதான். ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் கராஜ் மேல்தட்டில் விட்டுச்சென்ற டப்பாவுக்கு அந்தச் சட்டம் தெரியுமா?

அந்த மூன்றாவது காரில் இருந்தது ப்ளீச் வந்த வெள்ளை கேன். ‘நல்லா கழுவிட்டேன் அண்ணா’ என்றான் பையன். கழுவினாலும் கூடாது. ப்ளீச், பூச்சி மருந்து, பெயின்ட், கூலன்ட் இருந்த எந்தப் பாத்திரமும் ஆயிலுக்கு ஆகாது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடினால் முடிந்தது வேலை. இதை வருஷத்துக்கு இருபது தடவை சொல்கிறேன். இருபது தடவையும் எரிச்சல் வருகிறது.

சரி, கலந்தே விட்டது, என்ன செய்வது? கடைக்குப் போகாதீர்கள். கேன் மேல் ‘ஆயில், கூலன்ட் கலந்தது’ என்று எழுதி, கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீட்டு அபாயக் கழிவு மையத்துக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக் கழிவு என்றால் அங்கே காசு வாங்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். நான் அன்று சொன்ன பொய் எனக்கு மிச்சப்படுத்தியது அரை மணி நேரக் கார் பயணத்தை மட்டும்.

முறுக்கு சுட்ட எண்ணெய்

தீபாவளிக்கு மறுவாரம் தவறாமல் வரும். அதுவும் எண்ணெய்தானே என்று இன்ஜின் ஆயில் கேனிலேயே ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். இல்லை, அது வேறு. சமையல் எண்ணெயைத் தனி பாட்டிலில் கொண்டுவாருங்கள்.

பால் கேன்

மூடி திருகும் வகை இல்லை. டிக்கி கார்பெட் போச்சு.

ஆயில் ஃபில்டரை மறப்பது

கேனைக் கொண்டுவந்துவிட்டு ஃபில்டரைக் குப்பையில் போடுகிறார்கள். அதற்குள்ளும் ஆயில் நிற்கிறது. மேல் முனையில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வடிய விட்டு, ஜிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

அப்பா அம்மாவின் ஊசிகள்

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா இன்சுலின் போடுபவர் என்றால், ஊசிகள் தண்ணீர் பாட்டிலில் சேர்ந்து, சமையலறைக் குப்பையில் விழும். 2008 செப்டம்பர் 1 முதல் கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி கூடாது. அதற்கென்று உள்ள கெட்டியான டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். அவர்கள் விமானம் ஏறி வரும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். டப்பா நிறைந்ததும் எங்கே கொடுப்பது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கும். வயதானவர்களைக் காரில் வைத்துக்கொண்டு அந்த உரையாடல் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து வருஷச் சரக்கை ஒரே நாளில் ஏற்றுவது

ஒரு தடவைக்கு 15 கேலன் அல்லது 125 பவுண்டுதான். மாநில விதி. மீதியை அடுத்த தடவை கொண்டுவரலாம். உதிரிபாகக் கடைகளில் பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து கேலன் ஆயில். அப்புறம், சான்டா கிளாரா கவுண்டியில் முன்பதிவு செய்யாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பேர் எழுதாத பாட்டில்

வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் மாதிரி ஒன்று வந்தது. அதை யாருமே திறக்க விரும்பவில்லை.

40 சென்டைக் கேட்காமல் வருவது

பழைய ஆயில் வாங்க மாநிலத்திடம் சான்று பெற்ற மையங்களில் கேலனுக்கு 40 சென்ட் தருவார்கள், கேட்டால் மட்டும். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஐந்து குவார்ட் கொடுத்தேன். கவுன்டர் பையன் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்லாவைத் திறந்து இரண்டு குவார்ட்டர் காசை, அதாவது 25 சென்ட் நாணயங்களை, எண்ணி வைத்தான்.