பரத வகுப்பில் சேர்க்கமுன் தரையைப் பாருங்கள், முழங்காலைப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பிள்ளைக்கு நடன வகுப்புத் தேடுகிற பெற்றோர் பலர் ஆண்டுவிழாப் படங்களையும் அரங்கேற்ற வீடியோக்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அவற்றில் தெரிவது உடுப்பும் வெளிச்சமும். ரீச்சர் எப்படிப் பழக்குகிறார் என்பது சாதாரண சனிக்கிழமை வகுப்பில்தான் தெரியும். காசு கட்டமுன் ஒரு வகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து பார்க்கக் கேளுங்கள். பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குப் பூட்டிய கதவு தேவையில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே அந்தத் தரையில் நடந்து பாருங்கள். வன்னியில் வகுப்புகள் பொதுநோக்கு மண்டபத்திலோ, கோயில் மண்டபத்திலோ, வீட்டு விறாந்தையிலோ நடக்கும். அனேகமாகச் சீமெந்துத் தரை. பரதத்துக்குப் பாதத்தைத் தட்டுவதே அடிப்படை. சீமெந்து இம்மியும் இடங்கொடாது, தட்டின அதிர்வு அப்படியே குதிக்கால், முன்கால் எலும்பு, முழங்கால் என்று மேலேறும். பலகைத் தரை நல்லது, ஆனால் இங்கே அரிது. மெழுகிய மண் தரை சீமெந்தைவிடக் காலுக்கு இதமானது. அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். தரையில் மணற்குருணி கிடந்தால் உள்ளங்கால் கொப்பளிக்கும். மாபிள் தரையில் தூசி இருந்தால் வழுக்கும்.

சீமெந்துதான் என்றால், ரீச்சர் அதற்கு ஈடாக என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தொடங்கமுன் 10 நிமிடமாவது உடலைச் சூடாக்கும் பயிற்சி வேண்டும். அதன்பின்னும் ஒரு மணித்தியாலம் விடாமல் தட்டவைக்காமல், இடையில் முத்திரை, தாளம் என்று இருத்திப் படிப்பிக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குக் குதிக்கால் எலும்பு இன்னும் முற்றியிராது. ஒரே இடத்தில் நோவு ஒரு கிழமைக்கு மேல் நின்றால், எண்ணெய் பூசிக்கொண்டு ஆடவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்தது அரைமண்டி, அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி இருக்கும் நிலை. ஒரு வகுப்பின் தரம் இதில்தான் வெளிக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, அவளின் முழங்காலை மட்டும் பாருங்கள். முழங்கால் பக்கவாட்டில் விரிந்து, கால்விரல்கள் பார்க்கிற திசையிலேயே போகவேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். களைத்ததும் முழங்கால் முன்னுக்கு விழும், உள்ளங்கால் உட்பக்கம் சரியும், பிட்டம் பின்னுக்குத் தள்ளும். அந்த நேரம் ரீச்சர் என்ன செய்கிறார்? நிறுத்தி, கிட்டப்போய், இடுப்பிலிருந்து காலைத் திருப்பச் சொல்லித் திருத்துகிறாரா, அல்லது “இன்னும் இரு, இன்னும் இரு” என்று தூரத்திலிருந்து சத்தம் போடுகிறாரா? பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி ஆழமாக இருக்கப் பழகின பிள்ளைக்கு முழங்கால் முறுகும், பிறகு நோவு வரும். ரீச்சர் தாளம் போடும் தட்டுக்கழி அதற்கான மரக்கட்டையான மணையில்தான் விழவேண்டும், பிள்ளையின் காலில் அல்ல.

இப்படித் திருத்துவதற்கு ஒரு ரீச்சருக்கு 12, 15 பிள்ளைகள் போதும். 30 பேர் நின்றால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து ஆடும்.

முதல் ஆறேழு மாதம் அடவு என்னும் அடிப்படை ஆட்ட அசைவுகள்தான். தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொன்றும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் வரவேண்டும். சேர்ந்து இரண்டு மாதத்தில் பாடசாலை விழாவுக்குச் சினிமாப் பாட்டொன்று பழக்கிவிட்டால் பெற்றோருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அடவில்லாத பிள்ளை முதல் உருப்படியான அலாரிப்பில் தடுமாறும். சலங்கையும் அவசரமில்லை. ஐந்து வருடத்தில் அரங்கேற்றம் என்று உறுதி தருகிற வகுப்பை நம்பவேண்டாம்.

ரீச்சர் எங்கே படித்தவர் என்று கேட்பதில் வெட்கமில்லை. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்திலா, மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலா, வட இலங்கை சங்கீத சபையின் கலாவித்தகர் பட்டம் பெற்றவரா? சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறாரா என்றும் கேளுங்கள். அதில் செய்முறையோடு எழுத்தும் உண்டு. ஊரில் வகுப்பே இல்லையென்றால் பாடசாலையின் நடன ஆசிரியரையும் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரையும் விசாரியுங்கள். தரம் 6இலிருந்து நடனம் பாடமாகவே இருக்கிறது.

மாதக் கட்டணத்தோடு பரீட்சைக் காசு, உடுப்பு வாடகை, ஒப்பனை, விழாப் பங்கு எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். வருடக் கடைசியில்தான் இவை சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கும்.

நேரமும் தூரமும் இங்கே பெரிய விஷயம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டினால் யானை இறங்கும் பாதைகள் உண்டு. பின்னேர வகுப்பு 5 மணிக்குள் முடியவேண்டும். வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் மத்தியான வகுப்பு வேண்டவே வேண்டாம், காலை 8 மணி நல்லது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து அனுப்புங்கள், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். பருத்தி உடுப்பு, முழங்கால் தெரியும் அளவுக்கு. தொளதொளத்த நீளக் காற்சட்டைக்குள் முழங்கால் விழுவதை எந்த ரீச்சராலும் காணமுடியாது.

ஆறு, ஏழு வயதில் தொடங்கினால் போதும். இரண்டு மூன்று மாதம் போனபின் வீட்டில் ஒருநாள் நீங்கள் ஒரே சீராகக் கைதட்டுங்கள். பிள்ளை “தெய்யா தெய்” என்று வாயால் சொல்லித் தட்டடவு ஆடட்டும். இரண்டாம் காலம் முதலாம் காலத்தின் இரட்டிப்பு வேகம், உங்கள் கைதட்டு மாறாது. பிள்ளை உங்கள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடினால், அவள் தாளம் பழகவில்லை, பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வகுப்புக்கு முன்னமே போய் ரீச்சரோடு கதையுங்கள்.