ஓவன் சூடு சரியில்லையா? குமிழைத் திருப்பும் முன் அளந்து பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளில் ஓவன் ஓயாமல் வேலை செய்யத் தொடங்கிவிடும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் பிஸ்கட்டும் சுஜி கேக்கும் செய்து விற்றுப் பண்டிகைச் செலவைச் சமாளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு தட்டு கருகினால் நெய், முட்டை, பாதாம், அரை நாள் உழைப்பு எல்லாம் சேர்ந்து போகிறது. அந்தப் பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது குமிழைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கேக்கைப் பார்த்து ஓவனின் சூட்டைச் சொல்லிவிட முடியாது. மேலே கருகியிருந்தால் சூடு அதிகமாக இருந்திருக்கலாம். தட்டை மேல் அடுக்கில் வைத்ததும் காரணமாகலாம், கறுப்பு நிறத் தட்டும் காரணமாகலாம். நடுவில் வேகவில்லை என்றால் சூடு போதவில்லை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் சூடு கூடினாலும் அதே நிலைதான் வரும்: வெளிப்புறம் சீக்கிரம் இறுகி, மேலே வெடித்து, உள்ளே மாவாகவே நிற்கும். அமுங்கிப்போன கேக்குக்குப் பேக்கிங் பவுடர் கூடியதும் பாதியில் கதவைத் திறந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆகவே அளக்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அளப்பதற்கு ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வட்ட வெப்பமானி போதும். பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதை நடு அடுக்கின் நடுவில், சுவரையோ சூடேற்றும் கம்பிச்சுருளையோ தொடாமல் தொங்கவிடுங்கள். கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் படியுங்கள். திறந்து பார்த்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், நீங்கள் படிப்பது அந்த இறங்கிய கணக்குத்தான்.

துப்பாக்கி போல நீட்டி அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பிடிக்கிறார்கள். அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். உள்ளே பிடித்தாலும் அது காற்றை அளப்பதில்லை, எதிரே உள்ள பரப்பை அளக்கிறது. பளபளப்பான அலுமினியத் தட்டு என்றால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியோ உடல் சூட்டுக்கென்றே செய்தது, ஓவன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்த தவறு, சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்ததும் ஓவன் தயார் என்று நம்புவது. உணர்கருவியைச் சுற்றியுள்ள காற்று சூடேறிவிட்டது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்வதில்லை. சுவரும் கம்பி அடுக்கும் இன்னும் சூடாகியிருக்காது. முதல் சுற்றில் காற்று வைத்த அளவைத் தாண்டிப் போய்ப் பிறகு இறங்குவதும் வழக்கம். விளக்கு அணைந்து இன்னும் 15 நிமிடமாவது விடுங்கள்.

"அக்கா, 180 வச்சேன், 195 காட்டுது, ஓவன் கெட்டுப்போச்சு" என்று கேட்காத பண்டிகை இல்லை. ஒரே ஒரு அளவை வைத்துச் சொல்லும் தீர்ப்பு இது. சாதாரண ஓவன் ஒரே சூட்டில் நிற்பதில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும், சூடு இறங்கும், மறுபடி கொடுக்கும், சூடு ஏறும். 180 டிகிரி செல்சியஸ் வைத்த ஓவன் 168க்கும் 194க்கும் இடையில் ஏறி இறங்கினால் சராசரி 181. அந்த ஓவனில் எந்தக் குறையும் இல்லை. 190க்கும் 214க்கும் இடையில் ஆடினால் சராசரி 202, அதைத்தான் திருத்த வேண்டும். நான்கைந்து சுற்று பொறுத்திருந்து ஒவ்வொன்றிலும் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் எழுதி, கூட்டி வகுத்துப் பாருங்கள். ஐந்து, பத்து டிகிரி வித்தியாசத்துக்கு எதையும் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பிஸ்கட்டை இரண்டு நிமிடம் முன்னால் எட்டிப் பார்த்தால் அது சரியாகிவிடும்.

வெப்பமானி இல்லாதவர்கள் சீனியை வைத்துச் சோதிக்கலாம். வெள்ளைச் சீனி ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி சீனியைப் பரப்பி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175இல் 15 நிமிடம் வையுங்கள். உருகக் கூடாது. வேறு சீனியை 190இல் 15 நிமிடம் வையுங்கள். உருக வேண்டும். முதலாவது உருகினால் ஓவன் சூடு கூட, இரண்டாவது உருகாவிட்டால் குறைவு. இதில் நேரம்தான் முக்கியம். அரை மணி, முக்கால் மணி விட்டுவைத்தால் சீனி குறைந்த சூட்டிலேயே மெல்லச் சிதைந்து நிறம் மாறி இளகிவிடும், சோதனை பொய்யாகும். குலா மெலாக்கா எனும் தென்னை வெல்லத்தையும் பழுப்புச் சீனியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனி, பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விஷயம். சூட்டின் அளவு தவறுவது வேறு, சூடு சமமாகப் பரவாமல் இருப்பது வேறு. 180இல் கம்பி அடுக்கு முழுவதும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிப் பத்து நிமிடம் வைத்தால் இது தெரிந்துவிடும். பின்பக்க மூலை மட்டும் கறுத்து முன்பக்கம் வெளுத்திருந்தால் குமிழை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை. தட்டைப் பாதிக்கு மேல் வெந்ததும் முன்பின்னாகத் திருப்பி வைப்பதுதான் வழி. தட்டுக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மேசை ஓவனில் அடுக்கை அடைக்கும் பெரிய தட்டு வைத்தால், அல்லது எண்ணெய் சிந்தக் கூடாதென்று அடியில் அலுமினியத் தாள் விரித்தால், காற்றோட்டம் நின்று கீழே ஒரு சூடு மேலே ஒரு சூடு ஆகிவிடும். மேல் கம்பிச்சுருள் மட்டும் சிவந்து கீழது கறுப்பாகவே கிடந்தால் அது பழுதாக இருக்கலாம்.

பழைய கையெழுத்து நோட்டுகளையும் கவனியுங்கள். துரை பங்களாவில் சமைத்தவர்கள் வழியாக வந்த குறிப்பு என்றால் சூடு பாரன்ஹீட்டில் இருக்கக்கூடும். 300 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 250 வரைதான் இருக்கும் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுகிறார்கள். 300 பாரன்ஹீட் என்பது 150 செல்சியஸ், 350 என்பது 177. பிரிட்டிஷ் கேஸ் ஓவன் அளவான 'கேஸ் மார்க் 4' என்றிருந்தால் 180 செல்சியஸ். விசிறி ஓடும் ஓவனில் குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம்.

ஓவன் உண்மையிலேயே தவறுகிறது என்று தெரிந்த பிறகு 150, 180, 200 மூன்றிலும் அளந்து பாருங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒன்றே என்றால் திருத்துவது எளிது. எண் காட்டும் ஓவன்கள் பலவற்றில் இதற்கான அமைப்பு உண்டு, கையேட்டில் பார்க்கலாம். சில குமிழ் ஓவன்களில் குமிழை இழுத்துக் கழற்றினால் பின்னால் திருத்தும் திருகு இருக்கும். கழற்றியதும் குமிழின் பிளாஸ்டிக் துளை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்திருந்தால் குமிழ் வழுக்கி ஒவ்வொரு நாளும் ஓர் அளவு காட்டும், புதுக் குமிழ் போட்டால் தீர்ந்தது. எந்த வசதியும் இல்லாத மேசை ஓவனில் குமிழைச் சுற்றி ஒரு சீட்டு ஒட்டி, உண்மையான 180 எங்கே வருகிறது என்று பேனாவால் குறித்துவிடுங்கள். திருத்திய பிறகும் பழைய பழக்கத்தில் 20 குறைத்து வைப்பவர்கள் உண்டு, இரட்டைத் திருத்தம் கேக்கை வேகவிடாது.

சுவரோரம் செல்லும் மெல்லிய உலோகக் குழாயைத் தேய்த்துக் கழுவும்போது தட்டிவிட வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் உணர்கருவி அதுதான். அதன் பிடியிலிருந்து கழன்று சுவரில் சாய்ந்தால் அளவு தவறும். மடிந்து உள்ளிருக்கும் திரவம் கசிந்தால் சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போகலாம். அப்படி ஏறினால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள்.

மின்சாரம் குறைவதாலும் சூடு ஏறத் தாமதமாகும். மலேசியாவில் அளவு 230 வோல்ட், 216 வரை இறங்க இடமுண்டு. அந்த அளவில் ஓவனின் சக்தி ஏறக்குறைய 12 விழுக்காடு குறைகிறது. தெர்மோஸ்டாட் கெடவில்லை, நேரம்தான் கூடுகிறது. அதற்காகக் குமிழைக் கூட்டாதீர்கள். நீட்டிப்பு வயரில் மற்றவற்றோடு சேர்த்துச் சொருகுவதையும் விடுங்கள்.

ஆண்டு முழுதும் சும்மா கிடந்த ஓவனைப் பண்டிகைக்கு எடுத்ததும் வீட்டு மின்சாரம் 'டிரிப்' ஆவது உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிச்சுருளுக்குள் இருக்கும் மின்காப்புத் தூள் ஈரம் இழுத்திருக்கலாம், சுருள் வெடித்தும் இருக்கலாம். சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். ஓவனைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டு வயரில் சந்தேகம் என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். பழுதுபார்ப்பவர் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினால் குமிழில் ஒட்டிய பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, முதல் ஆர்டரைத் தொடங்கும் முன் மூன்று அளவுகளிலும் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.